பூண்டிக்கும் எண்ணூருக்கும் நடுவில்

சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் யாரும் யோசிக்கமாட்டார்கள். ‘புழல்’ என்று சொல்லிவிடுவார்கள். உபயோகித்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: ‘கொடுங்கையூர்’. இரண்டும் வடக்கேதான் இருக்கின்றன. நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுத்த ஆறும், நகரத்தின் சாக்கடை, சாம்பல், எண்ணெய் எல்லாவற்றையும் கடைசியில் வாங்கிக்கொள்ளும் ஆறும் ஒன்றுதான். கொசஸ்தலையாறு. நாட்டின் நீர்வளம், நீர் மேலாண்மை என்று மேடையில் பேசுகிறார்களே, அது எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள இந்த ஓர் ஆற்றை மேலிருந்து கீழ்வரை பார்த்தால் போதும் என்று எனக்குப் படுகிறது.

காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் கேசாவரம் அணைக்கட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கூவத்துக்கு, இன்னொரு பங்கு கொசஸ்தலைக்கு. ஆந்திராவிலிருந்து நகரி ஆறும் வந்து சேர, எல்லாம் பூண்டிக்கு வருகிறது. அங்கிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் என்று இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் பற்றி நகரத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த இந்த ஆற்றின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் ‘அது எங்க இருக்கு?’ என்கிறார்கள். எனக்கு அது உள்ளபடியே வருத்தம் தரும் விஷயம்.

சென்னையின் குடிநீர் வரலாறே வடக்கில்தான் தொடங்குகிறது. 1772ல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக மின்ட் பக்கத்தில் வெட்டிய கிணறுகளின் பெயர்தான் இன்றும் ஏழுகிணறு. 1866ல் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றைத் தடுத்து, சோழவரத்துக்குத் திருப்பி, அங்கிருந்து புழலுக்குக் கொண்டுவந்து, கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவது. 1872ல் தண்ணீர் வந்தது. மணல் வழியே வடிகட்டிச் சுத்தம் செய்யும் ஏற்பாடு கீழ்ப்பாக்கத்துக்கு வர 1914 ஆகிவிட்டது. அதற்கும் பிறகுதான் பூண்டி. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது, இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்ட நேரத்தில், விடாப்பிடியாக நின்று அதற்கு அனுமதி வாங்கினார். 1943ல் அவர் காலமானார், 1944ல் நீர்த்தேக்கம் முடிந்தது. இன்று அது சத்தியமூர்த்தி சாகர்.

அந்தத் தலைமுறை எல்லாப் பக்கமும் பார்த்துத் தேடியது. நாமும் தேடிக்கொண்டேதான் இருக்கிறோம், தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) விட்டுக்கொடுத்த கிருஷ்ணா நீர் 1996ல் பூண்டிக்கு வந்தது. வழியில் ஆவியாவது போக 12 டிஎம்சி நமக்கு என்பது கணக்கு. அந்த முழு அளவு நம் கைக்கு வருவதில்லை. 2004ல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு எடுத்து வந்தோம். அப்புறம் கடல்நீரையே குடிநீராக்கினோம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், 2020ல் திறந்த கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை, இந்த ஐந்தும் தளும்ப நிரம்பினால் 11.757 டிஎம்சி. நகரத்துக்கு நாளுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 13 டிஎம்சி வேண்டும். சரி, நகரத்தின் தலையில் எவ்வளவு மழை விழுகிறது? மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். சராசரி மழை வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டரை ஒட்டி. பெருக்கினால் சுமார் 21 டிஎம்சி. ஐந்து ஏரிகளின் கொள்ளளவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர் நம் மொட்டைமாடியிலும் தெருவிலும் விழுந்து போகிறது. அதை முழுக்கப் பிடிக்க முடியாது, உண்மைதான். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆனால் அதில் பத்தில் மூன்று பங்கு மண்ணுக்குள் இறங்கினாலே 6 டிஎம்சிக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ‘தண்ணீர் இல்லாத நகரம்’ என்று சென்னையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2019 கோடையில் ஏரிகள் எல்லாம் சேர்ந்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். அப்போது நகரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததே நாளுக்கு 52 கோடி லிட்டர் அளவுதான், வழக்கத்தை விட வெகுவாகக் குறைத்து. அந்த ரயில் அதில் இருநூறில் ஒரு பங்கு. ரயில் விட்டவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்துக்கு அதைச் செய்யத்தான் வேண்டும். அந்த அளவுக்கு விட்டுவிட்டோமே என்பதுதான் ஆதங்கம்.

எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் அடிபம்பு. வாசலில் நிற்கும் அந்த இரும்புப் பம்பு மெட்ரோ வாட்டர் குழாயிலிருந்து இழுக்கும், அதன் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். தண்ணீர் விடும் நேரத்தில் முதலில் அடிப்பதை யாரும் குடத்தில் பிடிக்கமாட்டோம், பக்கெட்டில் பிடித்து கக்கூசுக்கு ஊற்றுவோம். கொஞ்ச நேரம் அடித்த பிறகு உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்து, வாடை போயிருந்தால்தான் குடம் வைப்போம். துணியை அவிழ்த்து உதறினால் சில நாள் கருப்பாக ஒரு பிசுக்கு இருக்கும், சில நாள் செம்மண் மாதிரி துரு. எதிர்வரிசையில் யாராவது மோட்டார் போட்டுவிட்டால் பம்பு லொடலொடவென்று ஆடும், காத்துதான் வரும். ‘அக்கா, யாரோ மோட்டார் போட்டுட்டாங்க, பாரு’ என்று ஒரு குரல் கேட்கும். அப்புறம் அன்றைக்கு சண்டை.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயில் விரிசல் இருந்தால், தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். சில மணி நேரம் மட்டும் விட்டு நிறுத்தும் குழாயில் அழுத்தம் போனதும், பக்கத்தில் ஓடும் சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே வரும். மோட்டாரும் அடிபம்பும் உறிஞ்ச உறிஞ்ச இன்னும் வேகமாக வரும். புழலில் எவ்வளவு சுத்தமாகச் செய்து அனுப்பினாலும் எங்கள் வீட்டுக் குடத்துக்கு வரும்போது அது வேறு தண்ணீர். அதனால்தான் மாதச் செலவில் கேன் தண்ணீருக்கு என்று ஒரு தொகை எடுத்து வைக்கிற நிலைமை, கூலி வேலை செய்கிற குடும்பத்தில்கூட. புதுக் குடிநீர்த் திட்டம் என்றால் திறப்பு விழா உண்டு. தெருவுக்கு அடியில் பழைய குழாயை மாற்றுவதற்கு விழா கிடையாது. ஆனால் வடசென்னைக்கு முதலில் வேண்டியது அதுதான்.

மீஞ்சூர்ப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே ஒரு பெரியவர், என் அம்மாவுக்குப் பெரியப்பா முறை, தன் கிணற்றைக் காட்டினார். சுற்றுச்சுவர் நன்றாக இருந்தது, தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. வாளியில் இறைத்துக் கொடுத்து, ‘வாயில வச்சுப் பாரு கண்ணு’ என்றார். நாக்கு கரித்தது. ஒரு காலத்தில் அதே தண்ணீரில் முப்போகம் நெல் எடுத்ததாகச் சொன்னார். கிணற்று மேட்டில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் வீட்டிலும் இப்போது குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

இது நடந்த விதம் நாடு முழுக்கப் படிக்க வேண்டிய பாடம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்கு அடியில் நல்ல நீர் தேங்கியிருப்பதை 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு உறுதி செய்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் அங்கிருந்து போனது. விவசாயிகளும் இறைத்தார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் ஒரு சமநிலையில் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அந்த எடை கீழே சுமார் 40 அடி வரை உப்புநீரை வரவிடாமல் தள்ளி நிறுத்தும். அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மீஞ்சூரில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போனது. கடல்நீர் நிலத்துக்கு அடியிலேயே பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. வந்த உப்பை வெளியே தள்ள ஒரு நல்ல மழைக்காலம் போதாது. பல வருஷம் இறைக்காமல் விட்டு, மேலிருந்து நன்னீரை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டினார்கள். கட்டிய இடங்களை ஒட்டி நீர்மட்டம் ஏறவும் செய்தது. ஆனால் இன்னொரு பக்கம் ஆற்று மணலை அள்ளினார்கள். தண்ணீரைப் பிடித்து உள்ளே இறக்குவதே அந்த மணல்தான். மணல் போனபின் தடுப்பணையில் நிற்கிற தண்ணீரில் எவ்வளவு கீழே இறங்கும்?

வறட்சி வரும்போதெல்லாம் நகரம் இந்தக் கிராமங்களுக்குத்தான் போகும். 2003–04லும் சரி, 2019லும் சரி, பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியமே தண்ணீரை விலைக்கு வாங்கியது. விற்றவரைத் தப்பு சொல்ல முடியாது, பயிர் போடுவதைவிட அதில் நிச்சயமான காசு. பக்கத்து நிலத்தில் கூலிக்கு நடவு போன அம்மாவுக்குத்தான் வேலை போனது. தண்ணீர் விற்ற காசில் அவருக்குப் பங்கு ஒன்றும் இல்லை.

சட்டமும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை ஒட்டி, யாருடைய நிலமோ அவருக்கே அடியில் உள்ள நீரும் என்கிற எண்ணம்தான் இன்றும் நாட்டில் நிற்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003ல் இயற்றிய சட்டத்தை 2013ல் ரத்து செய்துவிட்டார்கள். உலக மக்களில் ஏறத்தாழ 18 சதவீதம் பேரும், நன்னீரில் 4 சதவீதமும் உள்ள நாடு இது. சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிக நிலத்தடி நீரை நாம் எடுக்கிறோம், அதில் மிகப் பெரும்பங்கு பாசனத்துக்கு. இலவச மின்சாரம், நடைமுறையில் நெல்லுக்கும் கரும்புக்கும் மட்டுமே உத்தரவாதமான கொள்முதல் என்று இருக்கும்வரை விவசாயி வேறு பயிருக்கு எப்படிப் போவார்? அவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது நியாயமில்லை. கம்பும் கேழ்வரகும் போட்டால் கட்டுப்படியாகும் என்ற நிலைமை வரட்டும், மோட்டார் தானாக நிற்கும்.

2010லிருந்து காட்டுப்பள்ளியில் கடல்நீர் ஆலை ஓடுகிறது, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். மீஞ்சூர் ஆலை என்றுதான் பேர். வடசென்னையில் பல பகுதிகளுக்கு அந்தத் தண்ணீர்தான், 2019ல் அது இல்லாவிட்டால் நாங்கள் தவித்துப் போயிருப்போம். அதனால் அதை ஒரேயடியாக எதிர்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும், முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு மூன்று லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. நன்னீர் எடுத்தது போக, இரண்டு மடங்கு அடர்ந்த உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரிக்குச் சாம்பல், அனல்மின் நிலையங்களின் அந்தச் சாம்பலுக்கு எண்ணூர். கொசஸ்தலை மீண்டும் இங்கே வருகிறது.

கொடுங்கையூர் விஷயம் எனக்குக் கொஞ்சம் பெருமை. குப்பைமேட்டுக்காகவே பேர் வாங்கிய ஊர், ஆனால் நாட்டுக்கு முன்மாதிரியான ஒரு வேலையும் அங்கேயே நடக்கிறது. 1990களிலேயே மணலி ஆலைகள் அங்கு சுத்திகரித்த கழிவுநீரை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019ல் நாளுக்கு 4.5 கோடி லிட்டரை ஆர்ஓ வரைக்கும் சுத்தம் செய்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. அதே அளவில் கோயம்பேட்டிலும் ஒன்று. ஆலைக் கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் போகிற ஒவ்வொரு லிட்டரும் எங்கள் குழாய்க்கு மிச்சம். இன்னொரு நல்ல குணம் இந்தத் தண்ணீருக்கு உண்டு: மழை பொய்த்தாலும் சாக்கடை பொய்க்காது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே போகிறது என்றுதான் பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். 100 கோடி லிட்டரில் 80 கோடி. இரண்டு நிலையமும் சேர்ந்து 9 கோடிதான். மீதியை நன்றாகச் சுத்திகரித்து ஏரிகளுக்குள் விட்டு, மண் வழியே இறக்கி எடுக்கலாம். ‘சாக்கடைத் தண்ணியைக் குடிக்கச் சொல்றியா’ என்று எங்கள் வீட்டிலேயே முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும், புரிகிறது. அளந்து, சுத்தம் செய்து, சோதித்து வருகிற தண்ணீர், விரிசல் வழியே தெரியாமல் கலந்து வருவதைவிட மேல் இல்லையா?

மண்ணுக்குள் இறக்குவதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் வெயிலும்தான். புழல் மாதிரி நம் ஏரிகள் அகலமானவை, ஆழம் குறைந்தவை. சித்திரை வெயிலில் ஒரே நாளில் அரை சென்டிமீட்டர் ஆவியாவது சாதாரணம். பத்துச் சதுர கிலோமீட்டரில் தண்ணீர் நின்றால் அரை சென்டிமீட்டர் என்பது 5 கோடி லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் இருபது நடை அடித்தால்தான் அவ்வளவு. மணலுக்கு அடியில் இருக்கிற நீரை வெயில் தொடாது. மாதவரம், ரெட்டேரி, கொரட்டூர், மணலி என்று மிச்சம் இருக்கும் ஏரிகளை நடைபாதையும் நீரூற்றும் வைத்து அழகுபடுத்துவதோடு நிறுத்தாமல், கழிவுநீர் வருகிற வாயை அடைத்து, வரத்துக் கால்வாயைத் திறந்துவிட வேண்டும். வியாசர்பாடி ஏரி போன இடத்தில் இன்று வீடுகள். ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி அந்த வீடுகளுக்குள்தான் வருகிறது.

எண்ணூரைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக இருக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் படகில் போய் பக்கெட்டாலும் குவளையாலும் அதை மொண்டு எடுத்தார்கள். படகு, வலை, கை, கால் எல்லாம் கருப்பு. அலையாத்திச் செடிகளின் வேரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. முட்டி அளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் உண்டு அங்கே, வலை வாங்கக் காசில்லாதவர்கள். நிவாரணம் பேசும்போது படகுக்குக் கணக்கு வைத்தார்கள், வலைக்கும் கணக்கு வைத்தார்கள். இவர்களிடம் இரண்டும் இல்லை. பல வருஷமாகச் சாம்பல் படிந்து முகத்துவாரம் தூர்ந்து வருகிறது என்பதையும் இவர்கள்தான் முதலில் சொன்னார்கள், முன்பு கழுத்தளவு இருந்த இடத்தில் இப்போது நடந்து போகிறோம் என்று. முகத்துவாரம் தூர்ந்தால் வெள்ளம் வடியாது. பூண்டியில் மதகு திறந்தால் மணலி புதுநகர் மிதப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகையால் என் கோரிக்கை ஒன்றுதான். பூண்டி முதல் எண்ணூர் வரை இந்த ஆற்றுக்கு ஒரே பொறுப்பு வேண்டும். இன்று ஏரியும் அணையும் நீர்வளத்துறையிடம், குழாயும் சாக்கடையும் குடிநீர் வாரியத்திடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், ஆலைக்கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். எண்ணூரில் செத்து மிதக்கும் மீனைக் காட்டி யாரிடம் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். எவ்வளவு நீர் வருகிறது, யார் எவ்வளவு எடுக்கிறார்கள், யார் எதைக் கலக்கிறார்கள் என்று ஒரே கணக்கேடு இருந்து, அதை மீனவர், விவசாயி, எங்கள் தெருக்காரர் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தால், பாதிப் பிரச்சினைக்கு விடை கிடைக்கும். ஏரி மட்டத்தைத் தினமும் வெளியிடும் வாரியம், ஒவ்வொரு வார்டிலும் நிலத்தடி நீர்மட்டத்தையும் உப்பையும் அதே மாதிரி வெளியிடலாம். பகுதி சபைக் கூட்டத்தில் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது மொட்டைமாடி. 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு தோண்டினோம், அடுத்து வந்த நல்ல மழையில் கிணறுகளில் மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். ஆயிரம் சதுர அடி மாடியில் வருஷத்துக்கு 1.3 லட்சம் லிட்டர் விழுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மாதிரி மணல் பாங்கான இடத்தில் சின்னக் குழியே போதும். உள்ளே தள்ளி, களிமண் உள்ள தெருக்களில் குழி நிரம்பி நிற்கும், தண்ணீர் இறங்காது. அங்கே மணல் தட்டும் ஆழம் வரை உறைக்கிணறாக இறக்க வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அதற்கப்புறம் வருவதைத் திருப்புங்கள். குழியில் கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் சேறு அடைத்திருக்கும், அதை எடுத்துக் கழுவிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சாக்கடைக் குழாயிலிருந்து தள்ளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட வேண்டிய வேலை இது.